முதன்முறை தவறிய பிள்ளைக்கு எந்த வழி?

உயர்நிலை மூன்றில் படிக்கும் 15 வயதுப் பையன். இதுவரை போலிஸ் நிலைய வாசலை மிதித்ததில்லை. ஒரு நாள் மாட்டிக்கொள்கிறான். கடையில் ஹெட்போனை எடுத்துப் பைக்குள் போட்டிருக்கலாம். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இன்னொரு பையனை உதடு கிழிய அடித்திருக்கலாம். தகவல் வந்த அன்றிரவு வீட்டில் பெரும்பாலும் இரண்டு குரல்கள் கேட்கும். "நாலு சாத்து சாத்தினால் சரியாகிவிடுவான்" என்பது ஒன்று. "யாருக்கும் தெரியாமல் பேசி முடித்துவிடலாம்" என்பது இன்னொன்று.

இரண்டையும் விட நல்ல வழிகள் சிங்கப்பூரில் உண்டு. முதன்முறை, சிறு குற்றம் என்றால் தனிப்பட்ட சமரசம், எச்சரிக்கையோடு சேர்ந்த வழிகாட்டித் திட்டம், பாதிக்கப்பட்டவரோடு ஒரே அறையில் உட்கார்ந்து பேசும் சீரமைப்புச் சந்திப்பு, கடைசியாக நீதிமன்றம் என நான்கு பாதைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டி தாத்தாக்களுக்கு மொழிபெயர்க்கும் தொண்டூழியராக இப்படிப்பட்ட குடும்பங்களோடு உட்கார்ந்திருக்கிறேன். அதில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. அடிபட்டவர், இழந்தவர் என்று ஒரு மனிதர் இருக்கும்போது, அவர் முகத்தைப் பார்க்காமலேயே பையனின் கணக்கு முடிந்துவிடக் கூடாது.

யார் முடிவெடுக்கிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. வழக்குத் தொடுப்பதா, எச்சரித்து விடுவதா என்பது போலிசும் தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகமும் தீர்மானிக்கும் விஷயம். பெற்றோர் கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் கிடைக்காது என்று இல்லை. ஆனாலும் பெற்றோரின் நிலைக்கு மதிப்பு இருக்கிறது. கைதான இளையரின் குடும்பம், பள்ளி, நட்பு வட்டம் எல்லாவற்றையும் சமூக சேவையாளர் ஒருவர் ஆரம்பத்திலேயே மதிப்பிட்டு அறிக்கை தருவதுண்டு. "இவனை வீட்டில் வைத்துத் திருத்த முடியும், நாங்கள் கூடவே வருவோம்" என்று நம்பும்படி சொல்கிற குடும்பம் அந்த அறிக்கையில் தெரியும்.

இன்னொரு தகவலும் பல பெற்றோருக்குப் புதிதாக இருக்கும். 16 வயதுக்கு உட்பட்டவரிடம் போலிஸ் வாக்குமூலம் வாங்கும்போது, பயிற்சி பெற்ற, வழக்கோடு தொடர்பில்லாத ஒரு பெரியவர் உடன் இருக்கும் ஏற்பாடு 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. அவர் வழக்கறிஞர் இல்லை, பையனுக்காக வாதாட மாட்டார். பையன் மிரண்டு போயிருக்கிறானா, கேள்வி புரிகிறதா என்று பார்த்துக்கொள்வார். அறைக்குள் நம்மை விடவில்லையே என்று அப்பாமார் வெளியே கொதிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபத்தில் அதிகாரியிடம் குரலை உயர்த்துவதால் பிள்ளைக்கு ஒரு நன்மையும் இல்லை.

சரி, முதல் பாதை: தனிப்பட்ட சமரசம்.

நம்மவர்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். சமூகம் சிறியது, லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில் நாலு அடி நடந்தால் தெரிந்த முகம், கோயிலில் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்ற பயம். அதனால் கடைக்காரரின் கையைப் பிடித்து, பணத்தைக் கொடுத்து, "அண்ணே, புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கெஞ்சத் தோன்றுகிறது. இங்கே சட்டம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒருவரை அடித்துச் சிறு காயப்படுத்துவது, அதாவது தண்டனைச் சட்டத்தின் 323ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவர் இசைந்தால் சமரசமாக முடித்துக்கொள்ளக்கூடிய குற்றம். போலிஸ் விசாரணை தொடங்கியிருந்தால் அரசாங்க வழக்கறிஞரின் சம்மதமும் வேண்டும். திருட்டு அப்படி இல்லை. கடைக்காரர் மனமிரங்கினாலும் வழக்கு தானாக மறைந்துவிடாது. கடையில் திருடுவது வழக்கமாக 380ஆம் பிரிவில் வரும். அதற்கு ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. 15 வயதுப் பையனுக்கு யாரும் அதைக் கொடுக்கப் போவதில்லை. ஆனால் "ஒரு ஹெட்போன்தானே" என்று நாம் நினைக்கும் அளவுக்குச் சட்டம் அதைச் சின்னதாகப் பார்க்கவில்லை என்பது தெரிந்திருக்க வேண்டும்.

புகாரே ஆகாத சச்சரவுக்கு, அதாவது அண்டை வீட்டுப் பிள்ளைகளின் தள்ளுமுள்ளு, வசைச்சொல், உடைந்த சைக்கிள் போன்றவற்றுக்கு, 1998இல் செயல்படத் தொடங்கிய சமூக சமரச நிலையம் நல்ல இடம். பயிற்சி பெற்ற தொண்டூழியர்கள் நடுவில் இருந்து பேசவைப்பார்கள், அங்கே பேசுவது வெளியே போகாது. இது திறந்த மனதோடு நடக்கும் சமரசம். பணத்தைத் திணித்து வாயை மூடுவது வேறு ரகம். அதில் பையன் எங்குமே இல்லை. அவன் செய்ததற்கு அப்பா விலை கொடுக்கிறார், அவன் அறைக்குள் கேம் விளையாடிக்கொண்டிருக்கிறான். பணத்தால் தீரும் என்ற ஒரே பாடம்தான் அவனுக்குப் போய்ச் சேர்கிறது. நான்கில் இதை மட்டும் வேண்டவே வேண்டாம் என்பேன்.

அடுத்தது வழிகாட்டித் திட்டம். இளையர் குற்றங்களைப் பற்றி ஆராய 1995இல் அமைச்சுகளுக்கு இடையே ஒரு குழு அமைந்தது. அதன் தொடர்ச்சியாக 1997இல் போலிசும் அன்றைய சமூக மேம்பாட்டு அமைச்சும் சேர்ந்து இதைக் கொண்டுவந்தன. சிறு குற்றம் செய்த இளையரை நீதிமன்றத்துக்கு அனுப்புவதற்குப் பதிலாக ஆறு மாதத் திட்டத்தில் சேர்ப்பார்கள். சமூக சேவை அமைப்பைச் சேர்ந்த ஒருவர் அவனோடு தொடர்ந்து பேசுவார். பெற்றோரும் வர வேண்டும். ஒழுங்காக முடித்தால் கடுமையான எச்சரிக்கையோடு விடுவார்கள், பாதியில் கைவிட்டால் வழக்கு திரும்பி வரலாம். அறிவுத்திறன் குறைபாடுள்ள இளையருக்கு இதன் தனி வடிவம் உண்டு. குண்டர் கும்பலின் ஓரத்தில் சுற்றும் பிள்ளைகளுக்கு ஸ்ட்ரீட்வைஸ் திட்டம் இருக்கிறது. போதைப்பொருள் உட்கொண்டு பிடிபட்ட, ஆபத்து குறைவு என்று மதிப்பிடப்பட்ட இளையருக்கு வேறொரு கண்காணிப்புத் திட்டமும் இருக்கிறது.

எச்சரிக்கை என்றால் குற்றப் பதிவா என்று எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். இல்லை. எச்சரிக்கைக்குச் சட்டரீதியான விளைவு கிடையாது, அது குற்றத் தீர்ப்புக்குச் சமமாகாது என்று உயர் நீதிமன்றம் 2015இல் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்காக ஒன்றுமே நடக்கவில்லை என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த முறை சிக்கினால், வழக்குத் தொடுப்பதா என்று யோசிக்கும் அதிகாரிகளின் நினைவில் முதல் எச்சரிக்கை இருக்கும்.

இந்தத் திட்டத்தை நான் மனதார ஆதரிக்கிறேன். பள்ளிப் படிப்பு தடைபடுவதில்லை. ஆறு மாதம் என்பது ஒரு பையன் தன்னைப் பற்றி வாய் திறக்கப் போதுமான காலம். பல வீடுகளில் அப்பாவும் பையனும் ஒரே சோபாவில் உட்கார்ந்து, போன் இல்லாமல் ஒரு மணி நேரம் பேசுவது அங்கேதான் முதல் முறையாக நடக்கிறது. ஆனால் அப்பா வர வேண்டுமே! "வேலை நேரம் ஒத்துவரவில்லை" என்று அம்மாவை மட்டும் அனுப்பும் வழக்கம் நம்மிடம் அதிகம். ஷிப்ட் முறையில் வேலை செய்பவர்களின் சிரமம் எனக்குப் புரிகிறது. என்றாலும் இந்த ஆறு மாதத்துக்கு மட்டும் மேலாளரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சியே சொல்வேன். அப்பா வராத சந்திப்பில் பையன் படித்துக்கொள்வது வேறு.

திட்டத்தில் ஓர் இடைவெளியும் இருக்கிறது. எல்லாம் பையனைச் சுற்றியே நடக்கிறது. அடிபட்ட பிள்ளை எங்கே? அவனுடைய அம்மா அன்றிரவு எப்படித் தூங்கினார்? மன்னிப்புக் கடிதம் எழுதவைத்தாலும், எதிரே ஆள் இல்லாமல் எழுதும் கடிதத்தில் பள்ளிக் கட்டுரையின் வாசம்தான் வீசும்.

சீரமைப்பு நீதி அந்த இடைவெளியைத்தான் நிரப்புகிறது. எந்தச் சட்டம் மீறப்பட்டது, என்ன தண்டனை என்ற கேள்வியோடு அது நின்றுவிடாது. யாருக்கு என்ன காயம், அதைச் சரிசெய்ய யார் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும். நியூசிலாந்து 1989இல் மவோரி மக்களின் குடும்பக் கூட்ட மரபை அடியொட்டி இளையர் வழக்குகளுக்குக் குடும்பச் சந்திப்பைச் சட்டமாக்கியது. 1991இல் ஆஸ்திரேலியாவின் வாகா வாகா நகர போலிஸ் அதைத் தன் வழியில் செய்து பார்த்தது. சிங்கப்பூரின் அன்றைய சிறார் நீதிமன்றம், இப்போதைய இளையர் நீதிமன்றம், 1990களின் பிற்பகுதியில் குடும்பச் சந்திப்பைக் கையில் எடுத்தது. சிறார், இளையர் சட்டத்தில் அதற்கு இடமுண்டு. பாதிக்கப்பட்டவரிடம் மன்னிப்புக் கேட்பது, இழப்பீடு தருவது, குறிப்பிட்ட ஒரு செயலைச் செய்து முடிப்பது ஆகியவற்றை அந்தச் சந்திப்பில் முடிவாக்கலாம். கல்வி அமைச்சும் 2005 வாக்கில் சில பள்ளிகளில் இந்த அணுகுமுறையை முன்னோட்டமாகத் தொடங்கியது. வாடகை வீட்டுப் பேட்டைகளில் வேலை செய்யும் பியாண்ட் சோஷியல் சர்வீசஸ் போன்ற அமைப்புகள் அக்கம்பக்கத்தாரையும் சேர்த்து உட்காரவைக்கும் வழியில் நீண்ட காலமாக உழைத்து வருகின்றன.

சந்திப்பு நன்றாக நடக்கும்போது அதன் முறை இதுதான். ஒருங்கிணைப்பாளர் முதலில் இரு தரப்பையும் தனித்தனியாகப் பார்ப்பார். ஒரு தடவை போதாமல் பல தடவையும் ஆகலாம். பையன் தான் செய்ததை ஒப்புக்கொள்கிறானா, பாதிக்கப்பட்டவர் உண்மையிலேயே வர விரும்புகிறாரா என்று உறுதிப்படுத்திக்கொள்வார். பிறகு வட்டமாக நாற்காலிகள், நடுவில் மேசை இல்லை. என்ன நடந்தது, அப்போது உன் மனதில் என்ன ஓடியது, யாரெல்லாம் பாதிக்கப்பட்டார்கள் என்று பையனிடம் கேட்பார். அப்புறம் பாதிக்கப்பட்டவர் பேசுவார், அவரோடு வந்தவர்கள் பேசுவார்கள், கடைசியில் பையனின் வீட்டார். சொற்பொழிவு யாரும் ஆற்றக் கூடாது. இனி என்ன என்பதை எல்லாரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்திடுவார்கள்.

பையனின் பக்கம் யாரை உட்காரவைப்பது என்பதில் நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. தாய்மாமன், பெரியப்பா, துணைப்பாட ஆசிரியர், கோயிலில் தண்ணீர்ப் பந்தலில் அவனோடு நின்ற அண்ணன் என்று, அவன் மனதில் மதிப்பு வைத்திருக்கும் பெரியவர் ஒருவராவது நம் குடும்பங்களில் இருப்பார். அந்த மனிதரின் கண்ணில் நீர் வரும்போது பையனுக்குள் அசைவது, நீதிபதி சொல்லும் எந்தச் சொல்லாலும் அசையாது.

இதே இடத்தில் நம் பழக்கம் ஒன்று கெடுதலும் செய்யும். ஊர்ப் பெரியவர் கூட்டத்தின் ஞாபகத்தில், "கால்ல விழுடா" என்று பையனின் கழுத்தைப் பிடித்து அழுத்துவோம். பாதிக்கப்பட்டவருக்குச் சங்கடம், பையனுக்கு அவமானம். அவமானப்பட்ட பையன் மனதில் தங்குவது தன் அவமானம் மட்டுமே, மற்றவரின் வலி அங்கே நுழைய இடமில்லை. அதேபோல், பாதிக்கப்பட்டவரிடம் "பெரிய மனசு பண்ணி விட்டுடுங்க" என்று நெருக்குவதும் தவறு. மன்னிப்பது அவர் உரிமை. மன்னிக்காமல் எழுந்து போவதும் அவர் உரிமை.

மொழிக்கும் கவனம் வேண்டும். பையன் ஆங்கிலத்தில் சொல்வான், பாட்டிக்குப் புரியாது. பாட்டி தமிழில் அழுவார், ஒருங்கிணைப்பாளருக்குப் புரியாது. குடும்பத்தில் ஒருவரையே மொழிபெயர்க்கச் சொன்னால் கடுமையான சொற்களை அவர் மென்மையாக்கிவிடுவார். வெளியாள் ஒருவர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

இந்த வழி உண்மையில் பலன் தருகிறதா? ஆஸ்திரேலியத் தலைநகர் கேன்பராவில் 1990களின் பிற்பகுதியில் நடந்த பெரிய ஆய்வில், சில வழக்குகளை நீதிமன்றத்துக்கும் சிலவற்றை இத்தகைய சந்திப்புக்கும் குலுக்கல் முறையில் பிரித்து அனுப்பிப் பார்த்தார்கள். வன்முறையில் ஈடுபட்ட இளையரிடம், சந்திப்புக்குப் போனவர்கள் மறுபடியும் குற்றம் செய்வது நன்றாகவே குறைந்தது. கடையில் திருடிய இளையரிடம் வேறுபாடு ஏதும் தெரியவில்லை. பாதிக்கப்பட்டவர்களைப் பொறுத்தவரை, சந்திப்புக்கு வந்தவர்களுக்குப் பயமும் கோபமும் தணிந்தன. எனக்கு இந்த முடிவு ஆச்சரியம் தரவில்லை. பேரங்காடியில் எடுத்த சாக்லேட்டுக்கு எதிரே யார் வந்து உட்காருவார்? பாதுகாப்பு மேலாளர் நிறுவனத்தின் விதிகளைச் சொல்வார், அவ்வளவுதான். உதடு கிழிந்த பையன் வந்து, "பள்ளிக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டேன்" என்று சொன்னால் அது வேறு.

நீதிமன்றப் பாதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அங்கே போகும் முதன்முறை இளையருக்கு வழக்கறிஞர் தேவை, கட்டுரை போதாது. இளையர் நீதிமன்றத்தில் பிள்ளையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடக் கூடாது. நன்னடத்தைக் கண்காணிப்பு ஆறு மாதத்திலிருந்து மூன்று ஆண்டு வரை இருக்கலாம். இரவில் வீட்டில் இருக்க வேண்டிய நேரம், 40 முதல் 240 மணி நேரச் சமூக சேவை, பெற்றோர் கையெழுத்திடும் பிணை எல்லாம் அதோடு சேரலாம். 16 வயதைத் தாண்டியவர்களுக்கு 2011 முதல் சமூக அடிப்படையிலான தண்டனைகளும் உண்டு. அவற்றை ஒழுங்காக முடித்தால் அந்தப் பதிவு காலாவதியானதாகக் கருதப்படும். நீதிமன்றம் என்றாலே வாழ்க்கை முடிந்தது என்று அழ வேண்டியதில்லை. பையன் தான் செய்யவில்லை என்று உண்மையாகவே சொன்னால் சரியான இடமும் அதுதான். மற்ற பாதைகள் எல்லாம் அவன் ஒப்புக்கொள்வதில் தொடங்குகின்றன. சீக்கிரம் முடியட்டும் என்று, செய்யாததை ஒப்புக்கொள்ளச் சொல்லி எந்தப் பெற்றோரும் பிள்ளையை நெருக்கக் கூடாது.

இப்போது பையனிடம் திரும்புவோம். அவன் எடுத்தது பெரிய பேரங்காடியில் என்றால், வழிகாட்டித் திட்டம் கிடைத்தாலே போதும், முழு மனதோடு அதில் இறங்குங்கள். சந்திப்புக்கு அலைய வேண்டாம். தேக்காவில் கணவனும் மனைவியும் காலை முதல் இரவு வரை நின்று நடத்தும் சின்னக் கடை என்றால் என் பதில் மாறும். அங்கே இழந்தவர் ஒரு மனிதர். நம்பி உள்ளே விட்ட பிள்ளை எடுத்துவிட்டானே என்ற வருத்தம் அவருக்கு இருக்கும். திட்டத்தோடு சேர்த்து ஒரு சந்திப்பையும் கேட்டுப் பாருங்கள். இன்னொரு பையனை அடித்தது, வகுப்புத் தோழியைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் அசிங்கமாகப் பரப்பியது, அண்டை வீட்டுக்காரரின் பொருளை உடைத்தது என்றால் சந்திப்பைத்தான் முதலில் கேட்பேன். அடுத்த நாளும் அதே மின்தூக்கியில், அதே வகுப்பில் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தாக வேண்டும்.

பாலியல் குற்றம், பாதிக்கப்பட்டவர் இன்னும் பயத்தில் இருப்பது, பையனின் பின்னால் ஒரு கும்பல் இருப்பது, இரு குடும்பங்களில் ஒன்று மற்றதிடம் வேலை பார்ப்பது அல்லது கடன்பட்டிருப்பது: இவற்றில் எது இருந்தாலும் சந்திப்பு வேண்டாம். கடைசியாகச் சொன்னது நம் சமூகத்தில் அதிகம். முதலாளி வீட்டுப் பிள்ளை அடித்தால் தொழிலாளி வீட்டு அப்பா "பரவாயில்லைங்க" என்றுதான் சொல்வார். அதை மன்னிப்பு என்று யாரும் எழுதிக்கொள்ளக் கூடாது.

கேட்பது எப்படி என்றால், நேராகப் பாதிக்கப்பட்டவர் வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள். விசாரணை நடக்கும்போது அது மிரட்டலாகத் தோன்றலாம், சட்டச் சிக்கலும் வரலாம். விசாரணை அதிகாரியிடமோ பையனைக் கவனிக்கும் சமூக சேவையாளரிடமோ, "எங்கள் மகன் அவர்களைச் சந்தித்துப் பேசத் தயார், அவர்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும்" என்று சொல்லுங்கள். பள்ளிக்குள் நடந்தது என்றால் ஒழுங்கு ஆசிரியரிடமும் பள்ளி ஆலோசகரிடமும் கேட்கலாம். யாரிடம் தொடங்குவது என்றே தெரியாவிட்டால், வீட்டுக்கு அருகிலுள்ள குடும்ப சேவை நிலையத்துக்குப் போங்கள். தமிழில் பேசத்தான் மனம் வரும் என்றால் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவை அழையுங்கள்.

பாதிக்கப்பட்டவர் மறுத்துவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இரண்டாவது முறை ஆள் அனுப்பக் கூடாது. பையன் எழுத விரும்பினால் கடிதம் எழுதட்டும். அதைச் சமூக சேவையாளர் வாங்கி வைத்துக்கொண்டு, அவர்கள் கேட்கும் நாளில் கொடுப்பார். இழப்பீட்டுப் பணத்தை, பள்ளி விடுமுறையில் அவனே வேலை பார்த்துச் சம்பாதித்துக் கட்டட்டும். 13 வயதுக்கு மேற்பட்டவர்கள் இலேசான வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது. அப்பாவின் ஏடிஎம் அட்டை இதில் வர வேண்டாம்.